வாசல்ல என்ன சிலைன்னு அப்புறம் பேசுவோம், மொதல்ல கண்மாய் எங்கன்னு சொல்லுங்க!



கொஞ்ச நாளா நம்ம பசங்க வாட்ஸ்அப் குரூப் பூரா ஒரே ஏஐ படம்தான். "மதுரைக்கு வேண்டும் தமிழர் தீம் பார்க்"னு மேல எழுத்து, கீழ வானத்தை முட்டுற மாதிரி ஒரு நுழைவாயில். ஒருத்தர் கோபுரம் வச்சிருக்கார். ஒருத்தர் 200 அடிக்கு ஜல்லிக்கட்டுக் காளை வச்சிருக்கார். இன்னொரு அண்ணன் கையில சிலம்போட கண்ணகியை நிறுத்தி, பின்னாடி ரோலர் கோஸ்டர் ஓட விட்டிருக்கார். மதுரையை எரிச்ச அம்மாவை மதுரை வாசல்லயே நிக்க வச்சு டிக்கெட் கிழிக்கச் சொல்றது யார் ஐடியான்னு தெரியல. எதிர்க்கட்சிக்காரன் போட்டிருந்தா மீம் போட்டுக் கிழிச்சிருப்போம். போட்டது நம்ம ஆளுங்க, அதனால மரியாதையாவே சொல்றேன்: இந்தப் பாதையில ஏற்கெனவே ஒரு அரசாங்கம் போய் முட்டிக்கிட்டு நின்னாச்சு.

2013 மே மாசம். சட்டமன்றத்துல 110 விதியின் கீழ் அறிவிப்பு. அமெரிக்காவுல சுதந்திர தேவி சிலை இருக்குல்ல, அதே மாதிரி மதுரையில 100 கோடி ரூபாய்ல தமிழ்த்தாய்க்குப் பிரம்மாண்ட சிலை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு ஐந்து நிலமும் அதுல தெரியும்னாங்க. ஊரே கைதட்டுச்சு. ஸ்கூல்ல படிச்சுக்கிட்டிருந்த நானும் தட்டினேன். 2019ல சிலை வடிவமைப்புக்கு டெண்டர் வந்துச்சு. குறிப்பைப் படிச்சா அதுல வேத காலம்னு இருக்கு! தமிழ்த்தாய்க்கும் வேத காலத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு தமிழ்நாடே கேட்டுச்சு. 2021ல ஆட்சி மாறுச்சு. அறிவிச்சவங்களும் கட்டல, கேள்வி கேட்டவங்களும் கட்டல.

கட்டலைங்கிறது என் கோபம் இல்ல. தமிழ்த்தாய்க்குச் சிலை வைக்கணும்னு நினைக்கும்போதே நியூயார்க்கைப் பார்த்து நினைச்சாங்க பாருங்க, அதுதான் கோபம். 1981ல அஞ்சாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தப்போ வச்ச தமிழ் அன்னை தமுக்கத்துல நிக்கிறாங்க. யாரைப் பார்த்தும் காப்பி அடிக்காத சிலை. அதைத் தாண்டித்தான் நாம தினமும் போறோம், நிமிர்ந்து பார்க்கிறவன் எத்தனை பேரு?

அதே மாநாட்டுக்குக் கட்டினதுதான் மாட்டுத்தாவணி நக்கீரர் தோரணவாயில். ஊருக்கு வெளிய வெட்டவெளியில கட்டும்போது கம்பீரமா இருந்துச்சு. ஊர் வளர்ந்துச்சு, ரோடு அகலமாச்சு, வாயில் நடுவுல மாட்டிக்கிச்சு. போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு கோர்ட் உத்தரவு. 2025 பிப்ரவரியில ராத்திரியோட ராத்திரியா இடிச்சாங்க. தூண் சரிஞ்சு விழுந்து மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டின அண்ணன் அங்கயே செத்துப்போனார். ஒரு நகரத்தோட அடையாளத்தைப் பத்தி முடிவெடுக்கிறவங்க அந்த ராத்திரியை நினைச்சுக்கிட்டு முடிவெடுக்கணும். நாப்பது வருஷம் கழிச்சு எங்க ரோடு வரும், யார் தலையில விழும்னு யோசிக்காம அழகுக்கு ஒண்ணைத் தூக்கி நிறுத்தறதுக்குப் பேரு சின்னம் இல்ல.

"உலகத்துல எல்லா தீம் பார்க்குலயும் ஒரு கோட்டை இருக்குதே தம்பி"ன்னு டீக்கடை அண்ணன் கேட்டார். இருக்கு. 1955ல திறந்த டிஸ்னிலேண்ட் கோட்டையோட உயரம் வெறும் 77 அடி. நம்ம கோயில் தெற்குக் கோபுரத்துல பாதி கூட வராது. மேல போகப் போக எல்லாத்தையும் சின்னதாக்கிக் கட்டி, கண்ணை ஏமாத்தி உசரமாக் காட்டுறாங்க. அதுவே ஜெர்மனியில லுட்விக் ராஜா கட்டின கோட்டையைப் பார்த்துச் செஞ்சதுதான். சிங்கப்பூர்ல என்ன பண்ணாங்க? சிங்கத் தலை, மீன் உடம்பு. சிங்கம் ஊர்ப் பேர்ல இருந்து வந்துச்சு, மீன் அந்த ஊர் மீனவர் கிராமமா இருந்த காலத்துல இருந்து வந்துச்சு. 1972ல வச்ச அந்த மெர்லயன் சிலை 8.6 மீட்டர்தான். நம்ம தெருவுல மூணு மாடி வீடு அதைவிட உசரம். ஆனா உலகத்துல எவன் பார்த்தாலும் சிங்கப்பூர்னு சொல்றான்ல?

அப்போ மதுரைக்கு என்ன?

கண்மாய்க்குள்ள ரெண்டு கல்தூண் நிக்கும், பார்த்திருக்கீங்களா? கரையில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி, ரெண்டையும் இணைச்சுக் குறுக்கே கல்லு போட்டு, தண்ணி நிறைஞ்சா தலை மட்டும் தெரியும். சின்ன வயசுல அதைக் கிரிக்கெட் ஸ்டம்ப்னு நினைச்சவன் நான். அதுதான் குமிழித் தூண். பாண்டிய நாடு பூரா இருக்கு.

நான் மெக்கானிக்கல். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வச்சுப் பாஸ் பண்ணவன். அந்த அனுபவத்துல சொல்றேன், இந்த ரெண்டு தூணுக்கு அடியில இருக்கிற மூளை எங்க சிலபஸ்ல இல்ல. தூணுக்குக் கீழ கல்தொட்டி. தொட்டி மேல ஒரு துளை, அது நீரோடி. கீழ சின்னச் சின்னத் துளை, அது சேறோடி. மேல் துளையை ஒரு அடைப்பு மூடியிருக்கும். ஆள் நீந்திப்போய் அதைத் தூக்கினா மேல் துளை வழியா நல்ல தண்ணி இறங்கும், அந்த ஓட்டத்தோட இழுப்புல கீழ் துளை வழியா அடியில படிஞ்ச வண்டலும் சேர்ந்து வரும். ரெண்டும் கரைக்கு அடியில போற கல் சுரங்கம் வழியா வெளிய வந்து வயலுக்குப் போகும். வண்டல் வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர் குறையும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. பாண்டி நாட்டுத் தூண் சிலதுல அதை நட்டு வச்சவன் பேரு கல்வெட்டா இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டுற நம்ம ஆளுங்க மாதிரி இல்ல, வேலையை முடிச்சிட்டுப் பேர் போட்டவன்.

வைகை ஆத்துக்குள்ள கிடைச்ச 7ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் சேந்தன் கல்வெட்டும் மதகு அமைச்சதைத்தான் சொல்லுது. அவ்வளவு ஏன், சொக்கநாதரே பிட்டுக்கு ஆசைப்பட்டுக் கூலியாளா வந்து வைகைக் கரைக்கு மண் சுமந்து, பாண்டியன்கிட்ட பிரம்படி வாங்கின ஊரு இது. சாமியே கரை வேலைக்கு வந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமா ஒரு சின்னம் இருந்தா யாராவது சொல்லுங்க, நான் இந்தப் பதிவை டெலிட் பண்ணிடறேன்.

இப்ப ஆனையூர் கதைக்கு வாங்க. 2024 அக்டோபர் 25 மழை ஞாபகம் இருக்கா? வடமதுரை மூழ்குச்சே, அந்த மழை. சாத்தையாறு பக்கமிருந்து கண்மாய் கண்மாயா இறங்கி வர்ற தண்ணி நம்ம பகுதியைத் தாண்டி செல்லூர் கண்மாய்க்குப் போகணும், அங்கிருந்து பந்தல்குடி வாய்க்கால் வழியா வைகைக்குப் போகணும். போற வழியை அடைச்சு வச்சிருந்தா அது யார் வீட்டுக்குப் போகும்? எங்க வீட்டு கிரைண்டர் வரைக்கும் வந்துச்சு. அம்மா ஸ்டூல் மேல ஏறி நின்னு ரேஷன் அரிசி மூட்டையைப் பரண்ல ஏத்தினாங்க. ஊரே தத்தளிச்ச பிறகுதான் செல்லூர்ல இருந்து வைகைக்குக் கால்வாய் கட்ட கிட்டத்தட்ட 12 கோடி ஒதுக்குறோம்னாங்க. கணக்கு போடுங்க: சிலைக்கு அறிவிச்ச 100 கோடியில இந்த மாதிரி எட்டுக் கால்வாய். 2011ல ஆனையூரை மாநகராட்சியோட சேர்த்தாங்க. அத்தனை வருஷத்துல எட்டு வேண்டாம், ஒண்ணை ஒழுங்கா முடிச்சிருந்தா அந்த மூட்டை தரையிலயே இருந்திருக்கும்.

தீம் பார்க் வேண்டாம்னு நான் சொல்லல. பரவை அதிசயம் பார்க்குக்கு டூர் போகாத ஆனையூர்ப் பையன் உண்டா? வரட்டும். ஆனா எந்த ஆட்சி வந்தாலும் "இடம் எங்க"ன்னு கேட்டா, அதிகாரி கை வைக்கிற மொத இடம் நீர்நிலைப் புறம்போக்குதான். சென்னை வள்ளுவர் கோட்டத்தைப் பாருங்க. திருவாரூர்த் தேர் மாதிரி அழகான கல்தேர், 1976ல திறந்தாங்க. அது நிக்கிறது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துல. வள்ளுவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, ஏரியைக் கேட்டா என்ன சொல்லும்னு தெரியாது. இங்க தல்லாகுளம்னு பேர்ல குளம் இருக்கு, ஊர்ல குளம் எங்கய்யா?

ராஜஸ்தான்ல அஜ்மீர். ஆனா சாகர் ஏரியை ஒட்டி ஈர நிலத்துல ஸ்மார்ட் சிட்டி காசுல ஏழு அதிசயப் பூங்கான்னு கட்டினாங்க. தாஜ்மஹால் பொம்மை, ஈஃபில் டவர் பொம்மை, ஆமா, சுதந்திர தேவியும் அதுல உண்டு. பசுமைத் தீர்ப்பாயம் அகற்றச் சொல்லுச்சு, விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2025 செப்டம்பர்ல மொத்தத்தையும் இடிச்சு அள்ளினாங்க. கட்டினதும் மக்கள் காசு, இடிச்சதும் மக்கள் காசு. நாளைக்கு வண்டியூர்லயோ ஆனையூர்லயோ கண்மாய்க்குள்ள எவனாவது அஸ்திவாரம் தோண்டினா நம்ம கொடி அங்க நிக்கணும், அது நம்ம ஆட்சியில தோண்டினாலும் சரி.

அதனால ஐடி பிரிவு சார்புல சொல்றோம். பார்க் எந்தக் கண்மாய்லயும் எந்த வாய்க்கால்லயும் வரக்கூடாது. வாசல்ல நிஜ அளவுல ஒரு குமிழி மடை, தண்ணியோட. அடைப்பைத் தூக்கினா தண்ணி எப்படி வருது, சேறு எப்படி வருதுன்னு ஆறு வயசுப் பிள்ளை தன் கையால தூக்கிப் பார்க்கணும். 100 கோடி ஆகாது. ஸ்தபதி ரெண்டு பேர், நல்ல கல்லு, ஒரு தொட்டி.

உங்ககிட்ட ஒரு வேலை. ஏஐ படம் போதும். உங்க ஊர்க் கண்மாய்ல குமிழித் தூண் இருந்தா படம் எடுத்து, கண்மாய் பேரும் ஊர்ப் பேரும் போட்டு இந்தப் பதிவுக்குக் கீழ அனுப்புங்க. தூண் சாய்ஞ்சிருந்தா அப்படியே அனுப்புங்க. ஆக்கிரமிப்புக்குள்ள மாட்டியிருந்தா கண்டிப்பா அனுப்புங்க, மனு எழுதற வேலையை நாங்க பார்த்துக்கறோம். செல்ஃபிக்காகத் தூண் கிட்ட இறங்கிடாதீங்க, அடியில சகதி இடுப்பு வரைக்கும் இழுக்கும். கரையில நின்னு ஜூம் பண்ணுங்க.

— ஐடி பிரிவு, ஆனையூர் பகுதி, மதுரை

#கண்மாய்எங்க #குமிழித்தூண் #நம்மமதுரை