25 கிராமும் ஒரு துளியும்

ஆகாரத்தில் மறைந்திருக்கும் நோய்க்கிருமியைக் கண்டறிய நாம் கையாண்டுவரும் வளர்ப்புமுறை நம்பத்தக்கது, ஆயினும் மந்தமானது. சால்மொனெல்லாவைத் தேடுகிறவர் 25 கிராம் உணவை 225 மில்லிலிட்டர் ஊட்டக் கரைசலில் கலந்து, ஓரிரவு வளரவிட்டு, மறுநாள் தேர்வு ஊடகத்துக்கு மாற்றி, பின்னர் அகார்த் தட்டில் பரப்பி, நடுவில் கறுத்த தொகுதிகள் தோன்றுகின்றனவா என்று பார்த்து, உறுதிசெய்து அறிக்கை எழுதுவதற்குள் நான்கைந்து நாட்கள் சென்றுவிடுகின்றன. சரக்கோ அதற்குள் விற்றுத் தீர்ந்துவிடுகிறது.

இத்தாமதத்துக்குப் பரிகாரமாக வந்துள்ள நானோ உணரிகளின் சாமர்த்தியத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள தங்கத்துகள்களின் கரைசல் செந்நிறமானது. எதிர்ப்பொருள் பூசிய அத்துகள்கள் கிருமியைப் பற்றி நெருங்கித் திரளும்போது, அச்செம்மை நீலமாக மாறுவதை வெறும் கண்ணாலேயே காணலாம்.

இருப்பினும், சாதனத்தின் கூர்மை வேறு, அது ஏற்கும் கவளத்தின் அளவு வேறு. 25 கிராமில் ஒரே ஒரு சால்மொனெல்லா இருப்பினும் அப்பண்டத்தை விலக்க வேண்டும் என்பது நமது நியதி. அந்த ஒன்று கலந்த 250 மில்லிலிட்டரிலிருந்து உணரியின்மேல் நாம் விடுவதோ 10 மைக்ரோலிட்டர், அதாவது 25,000-இல் ஒரு பங்கு. அத்துளியில் கிருமி அகப்படாவிடில், எத்துணைச் சூக்ஷ்மமான உணரியும் ‘இல்லை’ என்றே சொல்லும். ஆகையால், காந்த நுண்மணிகளைக் கொண்டு முழுத் திரவத்திலிருந்தும் கிருமியைத் திரட்டுவதும், சில மணி நேரமேனும் அதை வளரவிடுவதும், பாலின் கொழுப்பும் புரதமும் உணரியின்மேல் படியாதவாறு காப்பதுமே முதற் காரியங்களாகின்றன.

விரைவில் கிடைத்த விடையெல்லாம் முடிவான விடையாகிவிடாது என்பதற்கு 2011-ஆம் ஆண்டு ஜெர்மனியில் விளைந்த விபரீதமே சாட்சி. ஐம்பதுக்கும் மேற்பட்டோரை மாய்த்த அந்த ஈ.கோலைத் தொற்றின்போது, ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயில் நச்சு சுரக்கும் ஈ.கோலையைக் கண்டு அதன்மேல் பழி சுமத்தினர். கண்டது மெய்யே எனினும், அது நோய்க்குக் காரணமான ஓ104 வகை அன்று என்பதும், குற்றம் வெந்தய முளைகளைச் சார்ந்தது என்பதும் தெளிவதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் பெருநஷ்டம் அடைந்தனர். செத்த கிருமியையும் உயிருள்ளதையும் பேதமின்றிப் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு மட்டும் இத்தகைய வழக்கைத் தீர்க்க இயலாது. உயிருள்ள கிருமியைப் பிரித்தெடுத்தே ஆகவேண்டும்.

எனவே, உணரியின் விடையைக் கொண்டு சரக்கை நிறுத்திவைக்கலாம், பழி சுமத்தலாகாது. இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர், தூய கரைசலில் கண்ட எல்லையோடு நில்லாமல், மெய்யான பாலிலும் இறைச்சியிலும் 25 கிராமில் எத்தனை கிருமிகள் வரை தங்கள் சாதனம் காட்டிற்று என்பதையும், மாதிரி எடுத்தது முதல் விடை கிடைத்தது வரை சென்ற மொத்த நேரத்தையும் தவறாது குறிப்பிடுமாறு வேண்டுகிறோம்.