வாயிலில் காத்திருக்கும் வணிகம்

சுங்கம் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பண்டங்களின் மேல் புலி இலச்சினை பொறித்து அனுப்பிய சுங்கத்தாரைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. வள்ளுவர் வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக 'உல்கு' எனப்படும் சுங்கப் பொருளை வைத்து எண்ணுகிறார். முதற் குலோத்துங்கனையோ நாடு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே நினைவில் இருத்திக்கொண்டது. நீக்கியவனுக்கு வாய்த்த இப்புகழே, அவ்வரி மக்களை எத்துணை அழுத்தியிருக்கும் என்பதற்குச் சான்றாகும்.

நம் முன்னோரும் சுங்கத்தின் நிழலும் வெயிலும் அறிந்தவர்களே. 1786இல் ஆங்கிலேயர் பினாங்கைச் சுங்கமற்ற துறைமுகமாக்கியபோது, சோழமண்டலக் கரையிலிருந்து மரக்காயர்களும் இராவுத்தர்களும் அங்கே கடைவிரித்தனர். சூலியா தெரு என்னும் பெயர் இன்றளவும் அதனைப் பறைசாற்றுகிறது. 1969இல் அத்துறைமுகத்தின் சுங்க விலக்கு நீங்கியது. ஓர் அறிவிக்கை எத்தனை கடைகளின் கணக்கேட்டை மாற்றிவிடும் என்பதைச் சபராளிக் குடும்பத்து மூத்தோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று அக்கதை கடற்கரையை விட்டு உள்நாட்டுச் சாலையோரத்திற்கு வந்திருக்கிறது. மறைமலை நகர், ஒரகடம், திருப்பெரும்புதூர் என நீளும் தொழில் வட்டாரத்தில் கொரிய, ஜப்பானிய, ஐரோப்பியப் பெருநிறுவனங்களின் ஆலைகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் பல. நம் மாணவர் பலரின் இல்லத்து அடுப்பு எரிவது இப்பட்டறைகளால்தான்.

கூட்டிலிருந்து விலகிய கதை

ஆசியான் நாடுகள் பத்தும், சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா ஆகிய ஆறும் சேர்ந்து ஒரே வணிகக் கூட்டாவதற்கான பேச்சு 2012இல் தொடங்கப் பெற்றது. ஏழாண்டுகள் பேசிய பின்னர், 2019 நவம்பர் 4ஆம் நாள் பாங்காக்கில் இந்தியா தான் சேரப்போவதில்லை என அறிவித்தது. ஏனைய பதினைந்து நாடுகளும் 2020 நவம்பரில் கையொப்பமிட்டன. 2022 தொடக்கம் முதல் அவ்வுடன்படிக்கை நடைமுறையில் உள்ளது.

விலகியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2018-19இல் அந்நாடுகளுடனான நம் வணிகப் பற்றாக்குறை பத்தாயிரம் கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதில் ஏறத்தாழப் பாதி சீனாவோடு மட்டும் ஏற்பட்டதாகும். பால் வளர்ப்போரும் சிறுதொழில் செய்வோரும் அஞ்சினர், அவ்வச்சம் நியாயமானதே. எனவே, விலகியது சரியா தவறா என்னும் வழக்கை இங்கு நான் எடுத்துக்கொள்ளவில்லை. விலகி நிற்கும் வீட்டின் வாயிலை யார், எப்படிக் கடக்கிறார்கள் என்பதே என் வினா.

தாளின் சுமை

கூட்டில் இல்லாத நாம் ஆசியானோடு ஓர் உடன்படிக்கை, கொரியாவோடு ஓர் உடன்படிக்கை, ஜப்பானோடு ஓர் உடன்படிக்கை எனத் தனித்தனியே வணிகம் செய்கிறோம். ஒவ்வொன்றுக்கும் விலக்குப் பட்டியல் வேறு, படிவம் வேறு. தாய்லாந்தில் செய்யப்பட்ட நூறு ரூபாய்ப் பொருள் ஒன்றை ஒரு பட்டறைக்காரர் தருவிக்கிறார் என்று கொள்வோம். அதில் எழுபது ரூபாய் ஜப்பானிய எஃகு. தாய்லாந்தில் சேர்ந்த மதிப்பு முப்பது. ஆசியான் உடன்படிக்கையின் பொதுவிதிப்படி அங்கே சேர்ந்த மதிப்பு முப்பத்தைந்து விழுக்காடேனும் இருத்தல் வேண்டும். ஜப்பானிய எஃகு அக்கணக்கில் வாராது. ஆகவே அப்பொருளுக்குச் சலுகை இல்லை. பதினைந்து நாடுகளின் கூட்டுக்குள்ளோ, ஓர் உறுப்பு நாட்டின் மூலப்பொருளை மற்றோர் உறுப்பு நாட்டின் மதிப்போடு கூட்டி எண்ணிக்கொள்ளலாம். பொருளும் விலையும் மாறவில்லை. வாயில் மட்டுமே மாறியது.

இதற்குமேல் 2020 செப்டம்பர் 21 முதல் மூலச் சான்று பற்றிய புதிய விதிகள் வந்தன. ஏற்றுமதி செய்யும் நாடு தரும் சான்றிதழ் மட்டும் இப்போது போதாது. அப்பொருள் எங்கே, எவ்வாறு, எத்துணை மதிப்புச் சேர்ந்து உருவானது என்னும் விவரத்தை இறக்குமதி செய்பவரே கையில் வைத்திருத்தல் வேண்டும். ஐந்தாண்டுக் காலம் பாதுகாத்தலும் வேண்டும். அதிகாரி கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் தருதல் வேண்டும். ஐயம் தீரும் வரை, வரி வேறுபாட்டுக்கு ஈடு கட்டிச் சரக்கை மீட்க வேண்டிய நிலையும் நேரலாம். மூன்றாம் நாட்டுப் பொருள் போலிச் சான்றோடு நுழைவதைத் தடுக்கவே இவ்விதிகள் எழுந்தன. நோக்கத்தைக் குறைகூற இயலாது. ஆயினும், கடல்கடந்த ஆலைக்காரன் தன் அடக்கவிலையை நம் ஊர்ச் சிறு பட்டறைக்காரரிடம் எளிதில் சொல்லிவிடுவானா? பெருநிறுவனத்தில் இதற்கெனவே ஒரு துறை இருக்கும். பட்டறையிலோ முதலாளி, கணக்கர், ஓட்டுநர் எல்லாம் ஒருவரே. சரக்குப் பெட்டகம் துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். இங்கே ஆலை வாயிலில் வழங்கல் நாள் தவறும். வரியைக்கூட விலையில் சேர்த்துவிடலாம். தவறிய நாளை எதில் சேர்ப்பது?

வரி அறவே இல்லாவிடினும் இத்துன்பம் நேரும் என்பதற்குப் பிரிட்டன் சான்று. 2020 இறுதியில் அது ஐரோப்பியப் பொதுச் சந்தையை விட்டு நீங்கியது. மூலவிதி நிறைவேறும் பொருளுக்குத் தீர்வை இல்லை என்றே உடன்பாடு. ஆயினும், ஜெர்மனியில் செய்து பிரிட்டனுக்கு வந்த மிட்டாய், அயர்லாந்துக்கு மறுபடி போகையில் பிரிட்டனின் பொருளாகக் கொள்ளப்படாது தீர்வைக்குள்ளாகும் நிலை வந்தது. நெதர்லாந்துத் துறைமுகத்தில் இறங்கிய லாரி ஓட்டுநரின் மதிய உணவு ரொட்டியும், உள்ளே இறைச்சி இருந்தமையால் பறிமுதலாயிற்று. நாடுகள் பிரியும்போது பேச்சாளர்கள் பேசுவது இறையாண்மை. ஓட்டுநர் இழப்பது சோற்றுமூட்டை.

அறிவித்தலே கடமை

தீர்வையைக் குறிக்கும் 'டாரிஃப்' என்னும் ஆங்கிலச் சொல், 'தஅரீஃப்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. அதன் பொருள் அறிவித்தல் என்பதாகும். நாம் நாளும் வழங்கும் 'அசல்' என்பதும் வேர், மூலம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லே. சொல் வரலாறு சுட்டும் நெறி தெளிவானது: முன்கூட்டி அறிவிப்பதே தீர்வையின் அறம். அறிய இயலாத விதி, எழுதப்பட்டும் எழுதப்படாததே.

தனித்தமிழ் தந்த மறைமலையடிகளின் பெயர் தாங்கிய நகரில், பட்டறைக்காரர் ஒருவர் தம் பிழைப்பை முடிவுசெய்யும் அறிவிக்கையை ஆங்கிலத்திலோ இந்தியிலோ படித்துணர வேண்டியுள்ளது. அது கைகூடாதபோது முகவர் சொல்வதே அவருக்கு வேதவாக்கு. இந்நிலை மாறுதல் வேண்டும். சுங்கத்துறை மூலச் சான்று விதிகளுக்குத் தமிழில் எளிய கையேடு வெளியிடுக. சிறிய அளவில் தருவிப்போர்க்கு ஆவணச் சுமையைக் குறைத்திடுக. ஐயத்திற்கு விடை காண ஒரு காலவரம்பு வகுத்திடுக. கதவைச் சாத்தும் உரிமை அரசுக்கு உண்டு. சாத்திய கதவில் திறக்கும் முறையை எழுதி ஒட்டும் கடமையும் அதற்கே உண்டு.

அரசு செய்யும் வரை நாம் வாளாவிருத்தல் தகுமா? தமிழ்த்துறையும் வணிகவியல் துறையும் இணைந்து ஒரு சுங்கக் கலைச்சொல் ஏட்டினை ஆக்கலாம். மாணவர்கள் விடுமுறை நாட்களில் பட்டறைகளுக்குச் சென்று படிவங்களைப் படித்து விளக்கலாம். சமுதாயப் பெரியோர் அதற்கொரு சிறு உதவி மையம் அமைத்துத் தரலாம். உல்கு என்னும் சொல்லுக்குத் தேர்வில் பொருள் எழுதி இரண்டு மதிப்பெண் பெறுவது நன்று. அச்சொல்லால் தடுமாறி நிற்கும் அயல்வீட்டாருக்கு வழிகாட்டுவது அதனினும் நன்று. மொழி கற்றவன் ஊருக்குத் திருப்பித் தரவேண்டிய கடன்களுள் இதுவும் ஒன்று.