அம்பாப் பாட்டுக்கும் ஊர்ப் பெயர் உண்டு

உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாடல்களுக்கு எழுதியவர் பெயர் கிடையாது. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்து நிற்பவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடி இழுப்பார்கள். வலையின் கனத்துக்கேற்ப அடி நீளும், குறுகும். முன்னடி பாடுகிறவர் அந்த நேரத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடுவதும் உண்டு. இவற்றைக் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, வட்டாரச் சொற்களுக்கு வயதானவர்களிடம் பொருள் விசாரித்துத் தொகுப்பது சில நாளில் முடிகிற வேலையல்ல. அப்படி ஒருவர் தொகுத்ததை, அதே வரிசையில், அதே அடிக்குறிப்புகளோடு இன்னொருவர் தம் பெயரில் நூலாக்கிவிட்டு, "நாட்டார் பாடல் எல்லோருக்கும் பொதுதானே" என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில் இலங்கைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளைப் பற்றியது. அடையாளம் காணக்கூடிய நாட்டார் ஆக்கம் அச்சில் வரும்போது, அது எந்தச் சமூகத்திடமிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிப்பிட வேண்டும் என்கிறது அது. ஆக, உடப்பு என்ற பெயரைப் போடுவது வெறும் மரியாதை இல்லை, கடமை. பாடல் பொதுவாக இருந்தாலும், எதை எடுப்பது, எப்படி வரிசைப்படுத்துவது, எப்படி விளக்குவது என்பதில் தொகுப்பாளர் செலுத்திய உழைப்பு அவருடையது.

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. கற்பிட்டி, புத்தளம், உடப்பு, சிலாபம் ஆகிய ஊர்களின் வரலாற்றைப் பெரிய பதிப்பகங்கள் தேடிவந்து வெளியிடுவதில்லை. எழுதியவரே கைக்காசைப் போட்டு 300, 500 பிரதிகள் அச்சடித்து, பாடசாலை மண்டபத்தில் வெளியிடுகிறார். எழுத்தாளர், பதிப்பாசிரியர், வெளியீட்டாளர் எல்லாம் அவர் ஒருவரே. பதிப்பகத்தில் வேறொரு கண் பார்த்துக் கேட்டிருக்கக்கூடிய "இந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வியை இங்கே கேட்க ஆளில்லை.

இபுனு பதூதாவை எடுத்துக்கொள்வோம். 1344 இல் அவர் வந்திறங்கிய 'பத்தாலா' புத்தளம்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. அதை யாரும் எழுதலாம். செய்திக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் ஒருவர் அதை விவரித்த வாக்கியங்களுக்குச் சொந்தக்காரர் உண்டு. ஒரு நூலில் தவறாக அச்சான ஆண்டு அடுத்த நூலிலும் அதே தவறோடு வருமானால், இரண்டாமவர் மூலத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். எழுத்துத் திருட்டை நிரூபிக்க இதைவிட நல்ல சாட்சி அரிது.

பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களில் இன்னொரு மயக்கம் இருக்கிறது. கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834 இல் 'சிலோன் கசட்டியர்' நூலையும் 1859 இல் 'தமிழ் புளூட்டாக்' நூலையும் ஆங்கிலத்தில் தந்தவர். இலங்கையில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரைதான். அவர் 1860 இல் மறைந்தார் என்பதால் இன்று யாரும் அவற்றை அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். அதற்காக அவர் தேடிச் சேர்த்த தகவலைத் தமிழாக்கித் தம் ஆய்வென்று போட்டுக்கொள்ள முடியாது. 1946 இல் கொழும்பில் 'தமிழ் புளூட்டாக்' மறுபதிப்பானபோது தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புகளோடு, காசிச்செட்டியின் பெயரிலேயே வந்தது. முறை அதுதான்.

சுயவெளியீட்டில் நடந்த திருட்டுகளில் உலகமே பேசியது 2019 இல் வெளிவந்தது. பிரேசிலின் கிறிஸ்டியானே செருயா தாமே வெளியிட்ட காதல் நாவல்களில் கோர்ட்னி மிலன், நோரா ராபர்ட்ஸ் உட்படப் பலருடைய பத்திகள் இருந்தன. முதலில் கவனித்துச் சொன்னது ஒரு வாசகர். இணையத்தில் கூலிக்கு எழுதுபவரை அமர்த்தியதாகச் செருயா விளக்கம் தந்தார். ராபர்ட்ஸ் பிரேசில் நீதிமன்றத்துக்குப் போனார். அட்டையில் பெயர் போட்டுக்கொண்டவர்தான் உள்ளே இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு. தட்டச்சு செய்தவரையோ தகவல் திரட்டிய மாணவரையோ கைகாட்டித் தப்ப முடியாது.

தமிழில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். இலங்கையின் பழைய கணினிப் பிரதிகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. தேடுபொறிக்கு அவை தமிழாகவே தெரிவதில்லை. நூலகம் எண்ணிம நூலகத்தில் இருக்கும் பல நூல்கள் பக்கப் படங்கள். திருட்டுக் கண்டறியும் மென்பொருள் "குறையில்லை" என்று சொன்னாலும் நம்பிவிடக்கூடாது. பிரதியை யுனிகோடுக்கு மாற்றி, வழக்கத்துக்கு மாறான நாலைந்து சொற்றொடர்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேட வேண்டும். அதே பொருளில் வந்த முந்தைய நூல்களை எடுத்துவைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டும். இதற்கு உள்ளூர் நூலகரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

எழுத்தாளர் பலர் ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். அது நூலை அடையாளம் காட்டும் எண் மட்டுமே. பதிப்புரிமையைப் பதிவுசெய்யும் முறையும் இலங்கையில் இல்லை. எழுதியவுடன் உரிமை வந்துவிடுகிறது. வழக்கென்று வந்தால் எழுதியவர் காட்ட வேண்டியது சான்று: திகதியிட்ட கைப்பிரதி, ஒலிப்பதிவு, பாடியவர் பெயரும் ஊரும் எழுதிய கள ஏடு, மின்னஞ்சலில் அனுப்பிய வரைவு. வேண்டுமென்றே உரிமையை மீறியவருக்கு நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபா வரை தண்டமும் 6 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆனாலும் 300 பிரதிக்காக வழக்காடும் வசதி இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது? அச்சுக்குப் போவதற்கு முன்பே தடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி.

பக்கம் வடிவமைப்பவர், அச்சகத்தார், அணிந்துரை எழுதுபவர், வெளியீட்டு விழாவில் நயவுரை ஆற்றுபவர் ஆகிய நால்வரிடமும் இவ்விதழ் ஒன்றைக் கேட்கிறது. உசாத்துணைப் பட்டியல் இல்லாத ஊர் வரலாற்றையும், பாடியவர் பெயரும் ஊரும் இல்லாத பாடல் தொகுப்பையும் எழுதியவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவற்றைச் சேர்த்துக் கொண்டுவந்த பிறகு அச்சுக்கு எடுங்கள்.