கோமாளி என்னும் பெயர்

செம்மஞ்சள் உடலின் குறுக்கே வெண்பட்டைகள் பூண்ட சிறுமீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கம் இக்காலத்து வன்னி இல்லங்களிலும் புகுந்துளது. அதனைக் 'கோமாளி மீன்' என்கின்றனர். ஆங்கிலேயர் அதன் வண்ணப் பூச்சினைக் கண்டு இட்ட பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தமையால் வந்த வழக்கு இது. இப்பெயர் பொருந்தாது என்பதே என் கருத்து. பெயர் பொருந்தாவிடின் என்ன கேடு என்று வினவுவோர் உளர். கேடு உண்டு, அம்மீனுக்கே உண்டு.

கடலில் இம்மீன், கொட்டும் கைகள் பலவுடைய கடலனிமனி என்னும் உயிரின் மடியிலே வாழ்வது. அவ்வுயிரைக் கடற்சாமந்தி என்று எழுதுவோரும் உளர், அழகிய சொல். பிற மீன்களைக் கொட்டி இரையாக்கும் அச்சாமந்தி, இம்மீனை ஒன்றுஞ் செய்வதில்லை. சாமந்தியின் அடியை ஒட்டிய பாறையே இது முட்டையிடும் இடம். தொட்டியிற் சாமந்தி இல்லையாயின், ஒரு மட்சட்டியையோ ஓட்டுத் துண்டையோ தன் மனையாகக் கொள்ளும்.

என்னிடம் முன்னர்ப் பயின்ற ஒருவர் இல்லத்தில் அம்மனைத் தொழிலை நாட்கணக்காகக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உருவிற் சிறிய ஆண், சட்டியின் ஒரு பக்கத்தை வாயாற் கொத்திக் கொத்திப் பாசி நீக்கிற்று. பின்னொரு நாள், பெரிய பெண்மீன் அவ்விடத்தை வயிற்றால் உரசிச் சென்று செம்மஞ்சள் மணிகளை நிரை நிரையாக ஒட்ட, ஆண் பின்தொடர்ந்தது. அன்று தொடங்கி ஆணுக்கு ஓய்வில்லை. செட்டைகளால் விசிறி முட்டைகளுக்குப் புதுநீர் ஊட்டும். பழுதுற்றதை வாயாற் களையும். மணிகள் நாளடைவிற் கருமையுற்று, ஈற்றில் ஒவ்வொன்றினுள்ளும் இரு வெள்ளிக் கண்கள் மின்னின. கூத்தாடுங் கோமாளியின் தொழில் இதில் யாண்டுளது?

பெண்ணின் கடமை பெரிதும் எல்லைக் காவல். தன்னினும் பெரிய மீன் அணுகினும் அது பாயும். இக்குலத்தின் ஒருவகை தன் பற்களை மோதி ஒலியெழுப்பி எச்சரிப்பதை 2007 இல் அறிவியலார் விளக்கினர். என் மாணாக்கரோ, கோமாளிக்கு விளையாட்டுத் துணை வேண்டுமென்றெண்ணி வேறு மீன்களை அத்தொட்டியில் விட்டார். அவை செட்டை கிழிந்து மூலையில் ஒதுங்கின. சட்டியை நகர்த்தப் புகுந்த அவர் கையும் கடியுண்டது. 'பொல்லாத மீன், ஐயா. விற்றவரிடமே கொடுத்துவிடப் போகிறேன்' என்றார். பெயர் செய்த கேடு இதுவே. காவலாளி என்று அறிந்து வாங்கியிருப்பின், அவர் இவற்றுள் ஒன்றையுஞ் செய்திரார்.

2009 இற்குப் பின் மீண்டு வந்து, பற்றை மூடிய காணியில் எல்லைக் கல்லைத் தேடித் திரிந்த மக்கள் வாழும் ஊர் எம்முடையது. ஒரு சட்டியின் எல்லையைக் காக்கும் மீனைக் கண்டு சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் விரால் இதனையே செய்கின்றது. நீர்ப்பூண்டுகளை விலக்கி இடஞ்செய்து முட்டையிட்டு, செந்நிறக் குஞ்சுத் திரளைக் காத்து உடன் திரிகின்றது. அதற்குக் கோமாளி என்று பெயரிட நம் முன்னோர் எவருக்குந் தோன்றவில்லை. தொல்காப்பிய மரபியலிற் கடற் சுறாவின் ஆணுக்கு 'ஏறு' என்ற பெயர் உரியதாயிற்று. நீர்வாழ் நந்தின் பெண்ணுக்கு 'நாகு' உரியதாயிற்று. உயிரை நோக்கிப் பெயர் சொன்ன மரபு அது. பிறமொழிச் சொல்லை நோக்கிப் பெயர் சொல்வது நம் காலத்து எளிய வழி.

ஆயினும், ஏறும் நாகும் இம்மீனிடத்துச் சற்றே இடர்ப்படும். இக்குலத்திற் பிறப்பன யாவும் முதலில் ஆணாகவே வளர்வன. கூட்டத்திற் பெரியது ஒன்றே பெண். அது மடிந்தால் அதன் துணையாகிய ஆண் பெண்ணாக மாறும். அடுத்த நிலையிலிருந்த இளமீன் ஆணின் இடத்தைப் பெறும். விரிக்கி என்னும் செருமானிய அறிஞர் 1977 இல் இதனை விளக்கி எழுதினார். தாயிழந்த குஞ்சைத் தந்தை தேடிச் செல்லும் கதையாக 2003 இல் வந்த படத்தை மாணாக்கர் பலர் அறிவர்; கடலில் அத்தந்தை தாயாகியிருக்கும்! நம் இலக்கணத்துக்கு மட்டும் இதனால் இடர் இல்லை. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டே வகுத்தமையால், மீன் எவ்வாறு மாறினும் 'வந்தது' என்பது வழுவாகாது.

அறிவியலாரும் இதனை அனிமனி மீன் என்று வழங்குதலுண்டு. ஆதலின் நாம் 'சாமந்தி மீன்' என்று வழங்கலாம். அது வாழும் இடத்தைச் சுட்டும் பெயராதலின், சிறுவரும் எளிதிற் பொருள் கொள்வர். இதனினும் நல்ல சொல்லை எவரேனும் தருவராயின் மகிழ்ந்து ஏற்பேன். கோமாளியை மட்டும் ஏற்கேன்.

இனி, பள்ளியில் தொட்டி வைக்க விரும்பும் ஆசிரியர்க்குச் சில சொற்கள். கடலினின்று பிடித்ததை வாங்கற்க. பிடித்த மீனின் சாமந்தி காவலின்றிக் கிடக்கும். தொட்டியிலே பிறந்தவை கிடைக்கின்றன. மன்னார்க் கடலின் அக்கரையில், மண்டபத்தில் உள்ள இந்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இவற்றைப் பொரிப்பித்து வளர்த்துள்ளனர். ஒரு தொட்டிக்கு ஓர் இணை, ஒரு சட்டி போதும். சட்டியை நகர்த்த வேண்டா. குஞ்சுகள் மிக நுண்ணிய உயிர்களையன்றிப் பிறவற்றை உண்ணா; முதன்முறை பெரும்பாலும் இழப்பே நேரும் என்பதை மாணாக்கர்க்கு முன்னரே சொல்லி வைத்தல் நன்று. முட்டையிட்ட ஆறு முதற் பத்து நாட்களுள் வெள்ளிக் கண்கள் தெளிவாகத் தோன்றும் மாலையில் அவர்களை அழைத்திருத்துக. பொரிப்பது இருளிலேதான், விளக்கை அணைத்துவிட்டு ஓசையின்றிக் காத்திருத்தல் வேண்டும்.