வென்ற பின் மறைந்த அணி

2019 மார்ச் 9ஆம் தேதி, கோவை ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டது. சென்னை சிட்டி எஃப்சி தோற்று, அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்றால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற தடுப்பாட்டக்காரர் இரண்டு கோல்கள் அடித்தார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனாலும் சென்னை சிட்டி 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை.

அந்த அணி இன்று லீக்கில் இல்லை. உரிம நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை என்று 2021-22 பருவத்துக்கு அது சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அதன் பின் தேசிய லீக் பக்கமே வரவும் இல்லை. பட்டம் வென்ற மூன்றாண்டுகளுக்குள் நடந்தது இது. இதற்காகத் தெருவில் இறங்கியவர்களும் இல்லை, பெரிதாகக் கண்ணீர் விட்டவர்களும் இல்லை. என்னைத் தொந்தரவு செய்வது அணி மறைந்ததைவிட இந்த அமைதிதான்.

இலக்கியம் பேசும் இடத்தில் கால்பந்து எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். சிற்றிதழ் வாசகர்களைவிட இந்தக் கதையை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் வேறு யாருமில்லை என்பதே என் பதில். ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தாலும் கைப்பணத்தாலும் தொடங்கி, சில ஆண்டுகள் ஒளிவிட்டு, அவர் கை ஓய்ந்ததும் நின்றுபோகும் முயற்சிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கி 119 இதழ்களோடு 1970இல் நின்றது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 'எழுத்து' நின்ற பிறகும் அந்த இதழ்கள் இருந்தன. யாரோ ஒருவர் பைண்டு செய்து வைத்திருந்தார். இன்னொருவர் இரவல் வாங்கிப் படித்து எழுத்தாளரானார். இதழ் இறந்தாலும் பக்கம் மிஞ்சும். கால்பந்துக் கழகம் இறந்தால் என்ன மிஞ்சும்? ஊர் அதை வைத்துக் காப்பாற்றினால் மட்டுமே ஏதாவது மிஞ்சும். சென்னை சிட்டியை வைத்துக் காப்பாற்ற ஓர் ஊர் இருக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அந்தக் கழகத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அதன் வேர் 1946இல் தொடங்கப்பட்ட நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப். சென்னை லீக்கில் ஆடிவந்த உள்ளூர்க் கழகம் அது. பின்னர் பெயரும் உரிமையும் மாறி, 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடியாக நுழைந்தது. முதல் இரண்டு பருவங்களிலும் பத்து அணிகளில் எட்டாவது இடம். முதல் பருவத்தில் சென்னையில் ஆடியது. அடுத்த பருவத்தில் கோவைக்குப் போய்விட்டது. பெயர் சென்னை, வீடு கோவை. கோவை ரசிகர்கள் பெருந்தன்மையோடு வரவேற்றார்கள் என்பது உண்மை. ஆனால் ஓர் அணியின் பெயரில் தன் ஊர் இல்லாதபோது, அந்த ஊர்க்காரன் எத்தனை நாள் அதை 'எங்கள் அணி' என்பான்?

2018இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தார்கள். மான்ஸி அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். குறுக்கே உயர்த்தி அடித்து ஓடும் ஆட்டத்துக்குப் பழகியிருந்த லீக்கில், இந்த அணி பந்தைத் தரையிலேயே வைத்துப் பொறுமையாகக் கடத்திக் கடத்தி ஆடியது. பார்க்க அழகான ஆட்டம். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கழகம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. எல்லாம் ஏறுமுகமாகவே தெரிந்தது.

ஆனால் அதே 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு புதிய வரைவுத் திட்டத்தை ஏற்றது. அதன்படி இந்தியாவின் முதல் நிலைப் போட்டி ஐ.எஸ்.எல்.தான், ஐ-லீக் அதற்கு அடுத்தது. பட்டம் வென்ற ஏழாவது மாதத்தில், களத்தில் ஒரு பந்துகூட உதைபடாமல், சென்னை சிட்டி இரண்டாம் நிலை அணியாகிவிட்டது. ஐ-லீக்கை வெல்பவர் மேலே போகலாம் என்ற வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. அந்த வழியாகப் பஞ்சாப் அணி போயிற்று, அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் போயிற்று. கதவு திறந்தபோது சென்னை சிட்டி வாசலில் இல்லை.

2020 ஜனவரியில் அந்த அணி ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தொடக்கச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவைச் சந்தித்தது. அதன் 'சொந்த மண்' ஆட்டம் அது. நடந்த இடம் அகமதாபாத். 0-1 என்று தோற்றது. சென்னைக்காரனும் கோவைக்காரனும் தொலைக்காட்சியில் பார்க்க, தமிழ்நாட்டுச் சாம்பியன் குஜராத்தில் சொந்த மண் ஆட்டம் ஆடிய அந்த மாலையில் இந்தக் கழகத்தின் முழுக்கதையும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதி அல்ல. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் என்ற நடுத்தர நகரம் இருக்கிறது. அங்கே ரைனோஸ் என்ற இரண்டாம் நிலைத் தொழில்முறைக் கழகம் 1996இல் ஆடத் தொடங்கியது. 1999இல் அது அமெரிக்க ஓப்பன் கோப்பையில் முதல் நிலை லீகான எம்.எல்.எஸ்.ஸின் நான்கு அணிகளை அடுத்தடுத்து வீழ்த்தியது. இறுதியில் கொலராடோ ரேபிட்ஸை 2-0 என்று வென்றது. எம்.எல்.எஸ். தொடங்கிய பின் 2025 வரையிலான கணக்கில், அதற்கு வெளியேயிருந்து அந்தக் கோப்பையை வென்ற ஒரே அணி அதுதான். அமெரிக்காவில் மேல் லீக்கில் இடம் பெறுவதற்கு வெற்றி போதாது. பணம் கட்டி வாங்க வேண்டும். ரோச்செஸ்டரில் 2006இல் கால்பந்துக்கென்றே ஓர் அரங்கம் எழுந்தது. ஆனாலும் மேல் லீக் இடம் கிடைக்கவில்லை. 2017க்குப் பிறகு அணி ஆட்டத்தை நிறுத்தியது. இங்கிலாந்தின் ஜேமி வார்டி பங்குதாரராக வந்து, 2022இல் புதுப் பெயரில் ஒரு பருவம் ஆடி, 2023 மார்ச்சில் முற்றாக மூடப்பட்டது.

இரண்டு கதைகளிலும் பொதுவான ஒன்று உண்டு. ஆட்டம் தோற்கவில்லை. ஆட்டத்துக்கும் வாழ்வுக்கும் இடையே இருக்க வேண்டிய பாலம்தான் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் இருக்கிறது. 2002இல் லண்டனின் விம்பிள்டன் கழகத்தை உரிமையாளர்கள் மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி பெற்றார்கள். ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தாங்களே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிய கழகத்தைத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக் கால்பந்து ஏணியின் ஒன்பதாவது படியில் தொடங்கி, ஒன்பது பருவங்களில் ஐந்து முறை மேலேறி, 2011இல் தேசிய லீக் வரிசைக்குள் வந்தார்கள். 2020 நவம்பரில் பழைய ப்ளவ் லேன் தெருவிலேயே புது அரங்கம் கட்டித் திரும்பினார்கள். இதற்கு இரண்டு காரணங்கள். ஏணியில் படிகள் இருந்தன. ஏறுவதற்கு ஊர் இருந்தது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. தனி முதலாளி பணம் போட்டிராவிட்டால் அந்த 2019 மாலையே இருந்திருக்காதே? உண்மை. அந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. பெருநிறுவனங்களின் அணிகளும் இதே வழியில்தான் போயின: முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. 2011இல் கலைந்தது, 2005-06இல் வென்ற மஹிந்திரா யுனைடெட் 2010இல் கலைந்தது. பணம் யாருடையது என்பதல்ல கேள்வி. பணம் போட்டவர் விலகும்போது அணியைக் கையில் ஏந்திக்கொள்ள உரிமையும் கடமையும் உள்ள இன்னொருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி.

இதை இன்று எழுதத் தூண்டியது செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை உள்ள இந்தக் கரையில் கடந்த சில ஆண்டுகளில் விளையாட்டு மூன்று விதமாக வந்து சேர்ந்திருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

முதலாவது, திருவிழாவாக வந்தது. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. உலகமே வந்தது, பெருமையாக இருந்தது, முடிந்ததும் பெட்டி கட்டிக்கொண்டு போயிற்று. திருவிழாவின் இயல்பு அது.

இரண்டாவது, ஊரிலிருந்தே முளைத்தது. கோவளத்தில் மீனவ இளைஞரான மூர்த்தி மேகவன் அலைச்சறுக்கைத் தானே கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வெளியிலிருந்து ஆதரவும் வந்தது. ஆனால் வேர் குப்பத்தில் இருந்தது. அலையை அறிந்தவர்களுக்கு அந்தப் பலகை அந்நியமாகத் தெரியவில்லை. இந்த நீண்ட பழக்கத்தின் மேல்தான் 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் நடந்தது. இதில் திருவிழா பின்னால் வந்தது, ஊர் முன்னால் இருந்தது.

மூன்றாவது கால்பந்து. ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய எஃப்சி மெட்ராஸ் என்ற தங்கிப் பயிலும் பயிலகம் மாமல்லபுரத்தில் இருக்கிறது. சிறுவர்கள் தங்கிப் படித்துக்கொண்டே பந்தாடக் கற்கிறார்கள். நல்ல முயற்சி, மிக நல்ல முயற்சி. ஆனால் பதினெட்டு வயது ஆகும் சிறுவன் எங்கே போவான்? திறமையின் உச்சியில் இருக்கும் இரண்டு மூன்று பேரை ஐ.எஸ்.எல். அணிகள் எடுத்துக்கொள்ளும். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடி, 2017-18 ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் ஆகி, மேலே போனதைப் போல. உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் இருபது பேருக்கு வேண்டியது அந்தச் சென்னை சிட்டி போன்ற ஓர் இரண்டாம் நிலைக் கழகம். சூசைராஜுக்கு அந்தப் படி இருந்தது. இன்று பயிலும் பையனுக்கு அந்தப் படி உடைந்து கிடக்கிறது.

ஆகவே நான் கேட்பது பெரிய அரங்கம் அல்ல. செங்கல்பட்டு 2019இல் தனி மாவட்டம் ஆயிற்று. அதன் பெயரில், அதன் மண்ணில் ஆடும் ஒரு கழகம் வேண்டும். முதலாளி இருக்கட்டும். ஆனால் ஆண்டுக்கு நூறு ரூபாய் கட்டும் உறுப்பினர்களும் இருக்கட்டும்; கழகத்தின் பெயரையோ ஊரையோ நிறத்தையோ மாற்ற வேண்டுமானால் அவர்களைக் கேட்டே ஆக வேண்டும் என்று விதியில் எழுதட்டும். முப்பது கட்டுமரக் குப்பங்களின் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஆட்டம் இருக்கட்டும். தோற்கும் அணியாகவே பல ஆண்டுகள் இருந்தாலும் பாதகமில்லை. எட்டாம் இடத்தில் இருக்கும் அணியைப் பார்க்க வருகிறவன்தான் அது மூடப்படும் நாளில் வாசலில் வந்து நிற்பான்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அந்தக் கழகம் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்தையும், யார் அடித்தார், யார் தவறவிட்டார், எத்தனை பேர் வந்தார்கள், மழை பெய்ததா என்று தமிழில் எழுதி வைக்க ஒருவராவது வேண்டும். கௌரவ் போராவின் இரண்டாவது கோலைக் கோவையில் நேரில் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது அதை எழுதினால், அந்தக் கழகத்தின் முதல் இதழ் அதுவாக இருக்கும்.