மீசையில் பிறந்த சிரிப்பு



அண்மையில் வெளியான இந்தி நகைச்சுவைப் படமொன்றை நம்பிக் குடும்பத்தோடு திரையரங்குக்குச் சென்றவர்களுக்குக் கூச்சலும், கன்னத்தில் விழும் அறைகளும், உடல் பருமனைப் பழிக்கும் வசனங்களுமே கிடைத்தன என்பது மிகவும் வருந்தத்தக்கது. இதற்கு நேர்மாறாக, ஹிருஷிகேஷ் முகர்ஜி 1979இல் இயக்கிய 'கோல்மால்' (தமிழில் 1981இல் 'தில்லு முல்லு') படத்தில், மீசையில்லாதவனை நம்பாத முதலாளியிடம் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அமோல் பாலேகர் இல்லாத இரட்டைச் சகோதரன் ஒருவன் இருப்பதாகச் சொல்லி, ஒட்டுமீசையோடு ஒருவனாகவும் மழித்த முகத்தோடு மற்றொருவனாகவும் திண்டாட, சூழ்நிலை நகைச்சுவை, அதாவது பாத்திரங்களின் இக்கட்டிலிருந்தே சிரிப்பு பிறக்கும் முறை, முதலாளியாக நடித்த உத்பல் தத்தின் திகைத்த முகத்தில் முழுமை பெறுகிறது. புதிய படத்திலோ காட்சிகளுக்கிடையே தொடர்பில்லை. சிரிக்க வேண்டிய இடத்தைப் பின்னணி இசையே அறிவிக்கிறது. இடைவேளைக்குப் பின் பல இருக்கைகள் காலியாகவே இருந்தன.

ஒரு வாசகர்,
மும்பை