யந்திரக் கை யாருக்கு?

பெரிய நகரங்களில் தனியார் ஆஸ்பத்திரிகளின் விளம்பரப் பலகைகளைப் பாருங்கள். யந்திர மனிதனே வந்து புற்றுநோயை வேரோடு பிடுங்கி எறிகிற மாதிரி படம் போட்டிருக்கிறார்கள். சாயப்பட்டறைத் தொழிலாளியும் வயல் கூலியும் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நடையைக் கட்டுகிறார்கள். சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே! நிறையவே இருக்கிறது.

இந்த யந்திரம் தானாக எதையும் அறுப்பதில்லை. டாக்டர் சில அடி தள்ளி உட்கார்ந்து, உடம்பின் உட்புறத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரையைப் பார்த்தபடி விரல்களை அசைக்கிறார். நோயாளியின் வயிற்றில் போட்ட சிறு துளைகள் வழியே யந்திரக் கைகள் அப்படியே அசைகின்றன. டாக்டரின் கை நடுக்கம் அங்கே போய்ச் சேருவதில்லை. மூத்திரப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் இடுப்பெலும்புக்குள் குறுகலான இடத்தில் இருப்பவை. அங்கே வேலை செய்ய இது நல்ல துணை. ரத்தச் சேதமும் குறைகிறது. விஞ்ஞானத்தின் இந்த வெற்றியை மனமார வரவேற்கிறோம். யந்திரம் நமக்கு விரோதியல்ல.

ஆனால் விளம்பரம் சொல்லாத விஷயங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் புராஸ்டேட் புற்றுநோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு யந்திரத்தாலும் மறு பிரிவுக்கு வழக்கமான முறையிலும் ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு வருஷ முடிவு 2018இல் வெளிவந்தது. சிறுநீரை அடக்கும் சக்தி திரும்புவதில் இரு பிரிவுக்கும் வித்தியாசமில்லை! பிரிட்டனில் மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு நடந்த சோதனையின் முடிவு 2022இல் வந்தது. ஆபரேஷனுக்குப் பிந்திய 90 நாட்களில் ஆஸ்பத்திரிக்கு வெளியே கழித்தவை யந்திரப் பிரிவில் 82 நாட்கள், மற்றப் பிரிவில் 80. தினக்கூலிக்காரனுக்கு இரண்டு நாளும் பெரிதுதான். அதற்காக ஆட்டையும் மாட்டையும் மனைவியின் தாலியையும் விற்க வேண்டுமா?

செலவு ஏன் இவ்வளவு? 'டா வின்சி' யந்திரத்தைச் செய்யும் இன்ட்யூட்டிவ் சர்ஜிகல் என்ற அமெரிக்கக் கம்பெனி பல வருஷம் இந்தச் சந்தையில் ஏறக்குறைய ஏகபோகமாக இருந்தது. கருவி எத்தனை தடவை உபயோகமாயிற்று என்று கணக்கு வைக்கும் சில்லு அதற்குள்ளேயே இருக்கிறது. கணக்குத் தீர்ந்தால் புதிது வாங்கியாக வேண்டும்! 2023இல் கம்பெனியின் வரவு சுமார் 700 கோடி டாலர். அதில் பெரும்பகுதி இப்படித் திரும்பத் திரும்ப வருவது. அந்தப் பணம் கடைசியில் நோயாளியின் மடியிலிருந்துதான் போகிறது.

இது பணக்காரனுக்கு மட்டும்தான் என்று விதி ஏதும் இல்லை. சென்னை ஓமந்தூரார் தோட்டத்து அரசு ஆஸ்பத்திரியில் 2022 மார்ச்சில் சுமார் 35 கோடி ரூபாய் செலவில் இந்தச் சிகிச்சை துவக்கப்பட்டது. சர்க்கார் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

இனி நமக்கு மிக நெருக்கமான விஷயம். யந்திரத்தால் நடந்த முதல் புராஸ்டேட் ஆபரேஷன்களில் ஒன்று 2000இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் நடந்தது. அதே நகரில்தான் 1895இல் லுட்விக் ரேன் என்ற டாக்டர், சாய ஆலைத் தொழிலாளிகளின் மூத்திரப்பையில் கட்டி உண்டாவதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். பென்சிடின் போன்ற ரசாயனங்களே காரணம் என்பது பின்னர் ருசுவாயிற்று. பென்சிடின் சாயங்களுக்கு நம் நாட்டில் தடை வந்தது எப்போது? 1993இல்! ஏறக்குறைய நூறு வருஷம்! நோயை அறுக்கும் கத்திக்குக் காட்டிய அக்கறையை, நோயைத் தரும் தொட்டிக்கு யார் காட்டினார்கள்?

சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் வந்தால் உடம்புச் சூடு என்று மோரைக் குடித்துவிட்டு இருக்காதீர்கள். ஒரே தடவை வந்து நின்றுபோனாலும் டாக்டரிடம் போங்கள். பீடி சிகரெட்டும் இந்நோய்க்குப் பெரிய காரணம், அதையும் விடுங்கள். மூத்திரப்பைப் புற்றுநோய் நஷ்டஈட்டுச் சட்டத்தில் தொழில்நோயாகவே இடம் பெற்றிருக்கிறது. ஆகவே எந்தப் பட்டறையில் எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் செய்யுங்கள்.

சாயத் தொழிலாளிக்கு முதலாளி செலவில் வருஷா வருஷம் பரிசோதனை வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரிகளில் தேர்ந்த டாக்டர்களும் நல்ல கருவிகளும் வேண்டும். யந்திரக் கை வரட்டும்; அது உழைப்பவனின் உயிரைக் காக்க நீளட்டும், அவன் மடியைத் தடவ அல்ல!